உப்புக்கு ஒரு பாவசங்கீர்த்தனம்

எனக்கு வாய் அதிகம். இதை நான் சொல்லவில்லை. பெற்றவள் சொன்னாள், கட்டியவர் சொன்னார், பதினோரு வருஷம் நான் சமைத்துப் போட்ட எங்கள் பங்குச் சாமியார் தினம் மூன்று வேளையும் சொன்னார். முதல் இரண்டு பேரிடமும் பதிலுக்குப் பதில் பேசி ஜெயித்துவிட்டேன். மூன்றாமவருக்குச் சொன்ன கடைசிப் பதில்தான் மீன் முள் மாதிரி எட்டு மாசம் தொண்டையில் நின்றது.

எங்கள் கோயில் ஜமுனாமரத்தூரிலிருந்து ஷேர் ஜீப்பில் முக்கால் மணி நேரம், அப்புறம் கொஞ்சம் நடை. ஓட்டுக் கூரை, முன்னால் மணிக்கூண்டு, பின்னால் சாமியார் வீடு, அதற்கும் பின்னால் என் சமையலறை. கத்தோலிக்கக் குடும்பங்கள் நாற்பது என்று பதிவேடு சொல்லும். அதில் பாதி திருப்பூரிலும் பெங்களூரிலும் இருக்கிறது. கிறிஸ்துமசுக்கு வந்து குடிலுக்கு முன்னால் செல்ஃபி எடுத்துக்கொண்டு அன்று மாலையே கிளம்பிவிடும். சுற்றியிருக்கிற மற்ற எல்லோரும் சாமை விதைத்து, புளி உலுக்கி, பலாப்பழத்தை ஜீப் மேல் ஏற்றி அனுப்புகிற மலைக்காரர்கள். அவர்களுக்கு அவர்கள் சாமி, எங்களுக்கு எங்கள் சாமி. பொதுவில் இருந்தது எங்கள் சாமியாரின் பழைய ஜீப். பிரசவ வலியா, பாம்புக்கடியா, பரீட்சை நாளில் பஸ் வரவில்லையா, அந்த ஜீப்தான். ஆஸ்பத்திரி வரை பொறுக்க முடியாமல் அதிலேயே பிறந்த பிள்ளைகளும் உண்டு.

சாமியார் தெற்கே கடற்கரை ஊர்க்காரர். கருவாடு காய்கிற வாசனையில் வளர்ந்தவர். உப்பு இல்லாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அந்த மனுஷனுக்குப் போய் ரத்தக் கொதிப்பு வந்தது. உப்பைப் பாதியாகக் குறைக்கச் சொன்னார் டாக்டர். அவர் அதை ஜீப்பிலேயே மறந்துவிட்டு வந்தார். கூடப் போயிருந்த நான் மறக்கவில்லை. டாக்டர் பாதி என்றால் நான் பாதியில் பாதி ஆக்கினேன்.

அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டைதான். உப்பு ஜாடியை நான் ஒளித்து வைப்பேன், அவர் தேடிக் கண்டுபிடிப்பார். அரிசிப் பானைக்குள் வைத்தேன், கண்டுபிடித்தார். விறகு அடுக்குக்குப் பின்னால் வைத்தேன், கண்டுபிடித்தார். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள் இருக்கிற பெட்டியில், ஒட்டகத்துக்குப் பின்னால் வைத்தேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில் என் தட்டுக்கு எதிரே அந்த ஒட்டகத்தை உட்கார வைத்திருந்தார். பூசை வைக்கிற மனுஷன் செய்கிற வேலையா இது என்று கேட்டேன். ஒட்டகம்தான் காட்டிக் கொடுத்தது என்றார்.

அது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கொள்ளு ரசம் வைத்திருந்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு வழக்கம்போல ஆரம்பித்தார்.

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே."

"குப்பையில கொட்ட மனசு வரலீங்க சாமி. அதான் உங்களுக்கு ஊத்தறேன்."

"ஒரு கல்லு போடும்மா. ஒரே ஒரு கல்லு. ஆண்டவர் பேரால கேக்கறேன்."

"ஆண்டவர் பேரால என்னாண்ட கேக்காதீங்க. உப்பு வேணும்னா மேல போய் அவராண்டயே கேட்டு வாங்கிக்கினு வாங்க."

அவர் சாப்பிட்டு எழுந்தார். எப்போதும்போல் கொஞ்சம் படுத்தார். நாலு மணிக்குக் காபி கொண்டுபோனேன். எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள்.

பதினோரு வருஷத்தில் நான் சொன்ன ஒன்றையாவது அவர் கேட்டிருப்பாரா? ஸ்வெட்டர் போடுங்க என்றால் போடமாட்டார். மழையில் ஜீப்பை எடுக்காதீங்க என்றால் எடுப்பார். இதை மட்டும் மூன்று மணி நேரத்தில் கேட்டுவிட்டார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். உப்பு போடாதவளை அவர் என்ன நினைத்துக்கொண்டு போனாரோ என்று எனக்கு அழுகையாக வந்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "பார்த்தியா, இவ வாயி சாமியாரையே அனுப்பி வெச்சுட்டுது."

பாவம் செய்தால் அதைச் சாமியாரிடம் போய்ச் சொல்லி மன்னிப்பு வாங்குகிற பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும், அதுதான் எங்கள் வழக்கம். கேட்க இருந்த ஒரே சாமியாரும் போய்விட்டார், அதுவும் என் பாவத்தாலேயே போய்விட்டார். யாரிடம் போவேன் நான்?

அடக்கத்துக்கு எங்கள் பிஷப்பான ஆயர் வந்தார், கூட நாற்பது சாமியார்கள் வந்தார்கள். பக்கத்து ஊர் நாட்டாமை தன் ஊரையே மேளத்தோடு கூட்டிக்கொண்டு வந்து, ஜீப்புக்கு மாலை போட்டு, அழுது, ஆடி, கோயில் பக்கத்திலேயே குழி வெட்டிக் கொடுத்தார். பாவத்தை மன்னிக்கிற அதிகாரமுள்ள நாற்பது பேர் ஒரே நாளில் எங்கள் மலை ஏறியிருக்கிறார்கள். நான் எங்கே இருந்தேன்? அந்த நாற்பது பேருக்கும் சாம்பார் கிண்டிக்கொண்டிருந்தேன். ஒரு சின்ன வயசுச் சாமியார் தானாகவே சமையலறைக்குள் வந்தார். தேவதூதனே வந்துவிட்டார் என்று கையைத் துடைத்துக்கொண்டு, "சாமி, ஒரு பாவசங்கீர்த்தனம் செய்யணும்ங்க" என்றேன். "அதுக்கென்னம்மா, செய்யலாம். முதல்ல மோர் இருக்கா?" என்றார். மோர் கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனவர் போனவர்தான்.

அதற்கப்புறம் மாசத்துக்கு ஒரு ஞாயிறு மட்டும் கீழேயிருந்து ஒரு சாமியார் பைக்கில் வந்தார். அதே நாளில் இன்னும் மூன்று ஊருக்குப் போக வேண்டியவர். பூசை முடிந்த கையோடு வண்டியில் ஏறிவிடுவார். ஒரு தடவை ஓடிப்போய் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டேன்.

"சாமி, நான் ஒருத்தரை..."

"சத்தமா சொல்லும்மா, கேக்கல" என்றார். ஹெல்மெட் போட்டிருந்தார். சுற்றி இருபது பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நல்லா போய்ட்டு வாங்க சாமி" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

மனசில் பாவத்தை வைத்துக்கொண்டு நன்மை வாங்கக் கூடாது. நன்மை என்றால் பூசையில் சாமியார் கையால் கொடுக்கிற அப்பம். மற்றவர்கள் வரிசையில் போகும்போது நான் மட்டும் தூணோரம் உட்கார்ந்திருந்தேன். ஊர் சும்மா இருக்குமா? சாமியார் வீட்டுச் சர்க்கரையைத் திருடிவிட்டேன் என்றது ஒரு கட்சி. வேறு சபைக்குத் தாவிவிட்டேன் என்றது இன்னொரு கட்சி. சர்க்கரைக் கட்சிக்காரி ஒருத்தி நேரிலேயே வந்து டப்பாவைத் திறந்து பார்த்தாள். அவளுக்கு அதில் ஒரு கரண்டி எடுத்துப் போட்டுக் காபி கொடுத்து அனுப்பினேன்.

மற்ற ஞாயிறுகளில் பூசை கிடையாது, வழிபாடு மட்டும். நடத்தியவர் எங்கள் உபதேசியார். ஜெபம் சொல்லிக் கொடுப்பதும் கோயிலைப் பார்த்துக்கொள்வதும் அவர் வேலை. ரிட்டயர்டு வாத்தியார் வேறு. நல்ல மனுஷன். பிரசங்கம் என்று ஆரம்பித்தால் பெல் அடித்தால்தான் நிறுத்துவார், எங்களிடமோ பெல் இல்லை. ஒரு ஞாயிறு நோவாவின் பேழையை எடுத்தார். எந்தெந்த மிருகம் ஏறியது என்று பேர் பேராகச் சொல்ல ஆரம்பித்து, மலையில் இருக்கிற காட்டுப்பன்றி, மரநாய், எறும்புத்தின்னி வரைக்கும் ஏற்றிவிட்டுத்தான் கதவை மூடினார். பீடத்துக்குப் பக்கத்தில் சாமியார் உட்காருகிற நாற்காலி இருக்கும். அதில் சாமியார் மட்டும்தான் உட்காரலாம் என்பதில் உபதேசியார் ரொம்பக் கண்டிப்பு. கால் கடுக்க நின்றுகொண்டே எல்லாம் செய்வார். நாற்காலி காலியாகவே கிடந்ததைப் பார்த்து அவர் வீட்டுக் கோழி ஒன்று அதில் ஏறி முட்டை வைத்துவிட்டது. அவர் பார்த்த பார்வையில் அந்தக் கோழி ஒரு வாரம் வேறு வீட்டுப் பக்கம்தான் மேய்ந்தது.

ஏழு மாசம் இப்படியே போனது. அப்புறம் ஆயர் இல்லத்திலிருந்து கடிதம் வந்தது. வருகிற மாசம் ஒரு மூத்த குருவானவர் வந்து, எங்கள் பங்கு, அதாவது எங்கள் கோயில் வட்டாரம், தனிப் பங்காக இருக்கிற அளவுக்கு ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்ப்பார். இருந்தால் ஒரு சாமியாரை இங்கேயே தங்க அனுப்புவார்கள். இல்லாவிட்டால் எங்களை அடிவாரத்துப் பங்கோடு சேர்த்துவிடுவார்கள். ஹெல்மெட்தான் கதி.

உபதேசியார் வீட்டு வாசலில் கூட்டம் போட்டோம். எண்ணிப் பார்த்தால் ஞாயிற்றுக்கிழமை வருகிறவர்கள் முப்பத்தஞ்சு பேர், கைக்குழந்தையைச் சேர்த்து. ஆளாளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குப் போவது ஒரு பூசை. எனக்கு, நான் சாகிற வரைக்கும் இந்தப் பாவத்தை இறக்கி வைக்க இடமில்லாமல் போய்விடும்.

"பக்கத்து ஊர்க்காரங்களை அன்னிக்குப் பூசைக்குக் கூப்பிடலாமே" என்றேன்.

"அவங்க இந்துங்கம்மா" என்றார் உபதேசியார்.

"இந்துங்கதான். யாரும் கிறிஸ்தவங்கன்னு சொல்லப் போறதில்லையே. கோயில் கதவு எல்லாருக்கும் தொறந்திருக்குதுன்னு போன வாரம் ஒரு மணி நேரம் பேசினது யாரு? வர்றவரு பார்த்துட்டு அவரா இன்னா நெனச்சுக்கிறாரோ நெனச்சுக்கட்டும்."

அவருக்குத் தன் பிரசங்கத்தை ஒருத்தி ஞாபகம் வைத்திருக்கிறாளே என்று சந்தோஷம். சரி என்றுவிட்டார். நுணலும் தன் வாயால் கெடும் என்பது என்னைப் பார்த்துச் சொன்னதுதான்.

நாட்டாமையிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் எதற்கு என்று கேட்கவில்லை. "எத்தினி பேர் வேணும்?" என்றார். "நீங்க பார்த்து வாங்க" என்றேன்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயில் வெளியிலேயே ஒத்திகை வைத்தேன். எழுபது பேர் வந்திருந்தார்கள். பூசையில் எப்போது எழ வேண்டும், எப்போது உட்கார வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும் என்பதை ஒரு சாயங்காலத்தில் எழுபது பேருக்குச் சொல்லிக் கொடுக்க முடியுமா? அதனால் சுருக்கமாகச் சொன்னேன். "ஒண்ணும் பயப்படாதீங்க. நீங்க பின்னாடி உக்காருவீங்க. உங்களுக்கு முன்னாடி இருக்கிறவங்க இன்னா செய்றாங்களோ அதையே செய்யுங்க. அப்பம் கொடுக்கும்போது மட்டும் எழுந்து வராதீங்க, அது எங்களுக்கு மட்டும்."

"முன்னாடி இருக்கிறவங்க செய்றத செய்யணும். அப்பம் வாங்கப் போவக் கூடாது" என்று நாட்டாமை திருப்பிச் சொன்னார். அவ்வளவுதானே, ஈசி என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஞாயிறு காலை நான் சமையலறையில் இருந்தேன். வந்த மூத்த குருவானவருக்கு எழுபது வயசு இருக்கும். கனமான கண்ணாடி, அதிகம் பேசாதவர். பெரிய சாமியார் என்றே எல்லோரும் கூப்பிட்டோம். மத்தியானச் சாப்பாட்டுக்கு ரசத்தை இறக்கிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாகக் கோயிலுக்குள் போனபோது பூசை ஆரம்பித்துவிட்டது. உள்ளே பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டேன்.

பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லோரும் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள்.

இதை நான் யோசித்திருக்க வேண்டும். மலையில் விருந்தாளியைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு ஊர்க்காரன் முன்னால் உட்கார்ந்தால் அதைவிட அசிங்கம் கிடையாது. கல்யாணமானாலும் கருமாதியானாலும் முதல் பாய் வெளியூர்க்காரருக்குத்தான். எங்கள் கோயிலில் பெஞ்சு இல்லை, பாய்தான். நாட்டாமை பின்னால் உட்காரப் போனாராம். எங்கள் ஆட்கள் கையைப் பிடித்து இழுத்து, "நீங்க முன்னாடி வாங்க, நீங்க முன்னாடி வாங்க" என்று எழுபது பேரையும் பீடத்துக்கு எதிரிலேயே உட்கார வைத்துவிட்டுத் தாங்கள் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்கள். உபதேசியாரும் சேர்ந்துதான்.

முன்னால் இருப்பவர் செய்வதைச் செய் என்று சொல்லியிருந்தேன். அவர்களுக்கு முன்னால் இப்போது ஒரே ஒருவர்தான் இருந்தார்.

பெரிய சாமியார் பீடத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். எழுபது பேரும் பாயைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். அவர் இரண்டு கையையும் விரித்தார். நூற்று நாற்பது கைகள் விரிந்தன. இடம் போதாமல் பக்கத்தில் இருந்தவர் மூக்கில் இடித்துக்கொண்டு சரிசெய்தார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தார், இவர்கள் உட்கார்ந்தார்கள். கோழி முட்டை வைத்த அதே நாற்காலி.

பின்னாலிருந்த எங்கள் ஆட்கள் என்ன செய்ய வேண்டும்? அவர்களுக்குப் பூசை தெரியும். பிறந்ததிலிருந்து பார்க்கிறவர்கள். ஆனால் முன்னால் எழுபது பேர் இவ்வளவு தைரியமாகச் செய்யும்போது, ஆயர் இல்லத்திலிருந்து புதுசாக ஏதோ முறை வந்திருக்கிறது, பெரிய சாமியார் அவர்களுக்கு மட்டும் முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்கிறார் என்று நினைத்துவிட்டார்கள். ஒவ்வொருத்தராகக் கையை விரித்தார்கள். உபதேசியார் மட்டும் கொஞ்ச நேரம் முறைத்துக்கொண்டு நின்றார். அப்புறம் அவரும் விரித்தார்.

பிரசங்கம் வந்தது. பெரிய சாமியார் எழுந்து நின்றார். எல்லோரும் எழுந்து நின்றார்கள். "உட்காருங்க" என்றார். யாரும் உட்காரவில்லை, அவர் நிற்கிறாரே. இன்னொரு தடவை சொன்னார். நாட்டாமை பணிவாக, "பரவால்லீங்க" என்றார். நூறு பேர் நின்றுகொண்டு கேட்கிற பிரசங்கத்தை எத்தனை நேரம் இழுக்க முடியும்? நாலு நிமிஷத்தில் முடித்துவிட்டார். எங்கள் பங்கின் சரித்திரத்திலேயே சின்னப் பிரசங்கம் அதுதான்.

அதற்கப்புறம் அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கண்ணாடி போட்டவர்கள் கழற்றித் துடைத்தார்கள். இல்லாதவர்கள் கண்ணைத் துடைத்தார்கள். காதைச் சொறிந்தார், சொறிந்தார்கள். வேணுமென்றேதான் செய்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. அவர் கையைக் கழுவும்போது எல்லோரும் காற்றில் கழுவினார்கள். அவர் கிண்ணத்தைத் தூக்கிக் காட்டும்போது எல்லோரும் வெறுங்கையைத் தூக்கினார்கள். அதற்கு மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கைகளில் பாதி, அடக்கத்தன்று மண்வெட்டி பிடித்த கைகள்.

நன்மை கொடுக்கிற நேரம் வந்தது. பெரிய சாமியார் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்து நின்றார். இதற்கு மட்டும் எழக் கூடாது என்று சொல்லியிருந்தேன் இல்லையா? எழுபது பேரும் கல் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். விருந்தாளிகள் எழாமல் அவர்களைத் தாண்டிப் போவது மரியாதையா? எங்கள் ஆட்களும் எழவில்லை. பாத்திரத்தை ஏந்திக்கொண்டு மனுஷன் தன்னந்தனியாக நிற்கிறார். வெளியே ஆடு ஒன்று இருமியது.

கதவோரம் நின்றிருந்தது நான் மட்டும்தான். அவர் என்னைப் பார்த்தார். நான்கு அடி வைத்தால் போதும். நான் போனால் மற்றவர்களும் பின்னால் வந்துவிடுவார்கள், மானம் தப்பித்துவிடும். எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். சர்க்கரைக் கட்சியும் பார்த்தது, சபைக் கட்சியும் பார்த்தது.

நான் தலையை ஆட்டினேன். முடியாது என்று.

அவர் ஒரு கணம் என்னையே பார்த்தார். அப்புறம் பின்னாலிருந்து உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டு, "மன்னிச்சுக்குங்க, மன்னிச்சுக்குங்க" என்று நாட்டாமை கால்களைத் தாண்டித் தாண்டி வந்தார். அவருக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். முப்பத்தி இரண்டு பேர். அவர் எண்ணினாரோ இல்லையோ, நான் எண்ணினேன்.

மத்தியானம் பெரிய சாமியார் தனியாகச் சாப்பிட்டார். நான் பரிமாறினேன். ரசம் ஊற்றினேன். கைப்பழக்கத்தில் அதிலும் உப்பு இல்லை, ஊற்றிய பிறகுதான் உறைத்தது.

"உப்பு எடுத்தாரட்டுங்களா சாமி?"

"வேண்டாம்மா. எனக்கும் பிரஷர்தான். இதுவே சரியா இருக்கு" என்றார். அப்புறம் நிமிர்ந்து, "காலையில ஏம்மா வரல?" என்று கேட்டார்.

அவ்வளவுதான். நான் கரண்டியோடு சுவரோரம் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். அவர் பதறவில்லை. "இரு, கையைக் கழுவிட்டு வர்றேன்" என்றார். வந்து, பையிலிருந்து பாவசங்கீர்த்தனத்துக்குப் போடுகிற ஊதாப் பட்டையை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, சாப்பிட்ட அதே நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் பாதி குடித்த ரசம்.

எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி, ஒட்டகம், கொள்ளு ரசம், குப்பை, மேல போய் வாங்கிக்கினு வாங்க என்றது, நாலு மணிக் காபி. சொல்லி முடித்து, "நான்தான் சாமி அவரை அனுப்பிட்டேன்" என்றேன்.

"நீ அப்படிச் சொன்னதும் அவர் என்ன சொன்னார்?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை. எட்டு மாசமாக நான் சொன்னதையே திருப்பித் திருப்பி அரைத்துக்கொண்டிருந்தேனே தவிர, அவர் சொன்னதை ஒரு தடவைகூட நினைத்துப் பார்த்ததில்லை. இப்போது நினைத்தேன். வந்துவிட்டது. அவர் குரல், அவர் சிரிப்பு, தட்டை நீட்டிய கை, எல்லாம் வந்துவிட்டது.

"சிரிச்சாருங்க. புரை ஏறுற அளவுக்குச் சிரிச்சாரு. அப்புறம் தட்டை நீட்டி, 'அப்போ இன்னொரு கரண்டி ஊத்தும்மா, மேல போற வழி ரொம்ப தூரம்'னு சொன்னாரு."

"ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"குடிச்சாரா?"

"குடிச்சாருங்க. ஒரு சொட்டு வெக்கல."

பெரிய சாமியார் முகத்தைக் கையால் மூடிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். தோள் குலுங்கியது. சிரித்துக்கொண்டிருந்தார். மன்னிப்பு ஜெபத்தை இரண்டு தடவை ஆரம்பித்து, இரண்டு தடவையும் 'வழி ரொம்ப தூரம்' ஞாபகம் வந்து நிறுத்தினார். மூன்றாவது தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டு முழுசாகச் சொல்லி முடித்தார். பரிகாரமாக அருள்நிறைந்த மரியே ஜெபத்தைப் பத்துத் தடவை சொல்லச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல் இருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்த இரண்டாவது பாதிதான் கஷ்டமாக இருந்தது.

வெளியே வந்தால் வாசலில் எல்லோரும் நிற்கிறார்கள். நாட்டாமை முன்னால் வந்து கும்பிட்டார். "நாங்க செஞ்சது சரியா இருந்துச்சுங்களா?"

"ரொம்பச் சரியா இருந்துச்சு. நான் செஞ்சதுதான் சரியான்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு" என்றார் பெரிய சாமியார். அப்புறம் எங்கள் பக்கம் திரும்பி, "இதுல பங்கு மக்கள் எத்தனை பேர்?" என்று கேட்டார்.

உபதேசியார் வானத்தைப் பார்த்தார். பேழையில் ஏறிய மிருகங்களின் பேரெல்லாம் ஞாபகம் இருக்கிற மனுஷனுக்கு இது ஞாபகம் வரவில்லை. பெரிய சாமியார் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? எட்டு மாசம் காத்திருந்து கழுவின ஆத்மா. ஈரம்கூடக் காயவில்லை. அரை மணி நேரமாவது சுத்தமாக இருக்க வேண்டாமா?

"முப்பத்தஞ்சு பேருங்க சாமி. மத்தவங்க பக்கத்து ஊர்க்காரங்க. நான்தான் கூப்பிட்டேன்."

உபதேசியார் என்னைப் பார்த்த பார்வையை அதற்கு முன்னால் அந்தக் கோழி மட்டும்தான் வாங்கியிருந்தது.

"நீங்க ஏன் வந்தீங்க?" என்று நாட்டாமையைக் கேட்டார் பெரிய சாமியார்.

"எங்களுக்கு எங்க கோயில் இருக்குதுங்க" என்றார் நாட்டாமை. "ஆனா ஜீப்பு ஓட்ற சாமியார் எங்களுக்கும்தான் வேணும். அவர் போனதுலேர்ந்து எங்க ஊர்ல ரெண்டு பொம்பளைங்கள டோலி கட்டித் தூக்கினு போனோம். அதுல ஒண்ணு என் மருமவ."

பெரிய சாமியார் கேட்டுக்கொண்டார். எதையும் குறித்துக்கொள்ளவில்லை. வந்த ஷேர் ஜீப்பிலேயே ஏறிப் போய்விட்டார். உபதேசியார் என்னோடு மூன்று வாரம் பேசவில்லை. அடுத்த ஞாயிறு உண்மை பேசுவதால் வரும் கேடுகள் என்று பிரசங்கம் செய்யப் போகிறாரோ என்று பயந்தேன். செய்யவில்லை, ஆனால் யோசித்திருப்பார். எனக்கும் சாப்பாடு இறங்கவில்லை. என் பாவம் தீர்ந்துவிட்டது, ஊருக்குத்தான் பங்கு போய்விடும் போலிருந்தது. அன்றைக்கே இன்னும் அரை மணி நேரம் கழித்து மன்னிப்புக் கேட்டிருக்கக் கூடாதா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. சாமியார் வருகிறார், இங்கேயே தங்குவார் என்று இருந்தது. கீழே ஒரே ஒரு நிபந்தனை, வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்று எழுதிக் கோடு போட்டிருந்தது. உபதேசியார் அதை என்னிடம் கொண்டுவந்து படித்துக் காட்டினார். இரண்டு தடவை படித்தார். கோடு போட்ட இடத்தை மூன்று தடவை படித்தார்.

புதுச் சாமியாருக்கு முப்பது வயசு. ஒல்லி. வந்த அன்றே ஜீப் பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் நின்றார். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தார். கொள்ளு ரசம் வைத்திருந்தேன். உப்பு ஜாடி ஒளிந்துகொள்ளாமல் மேசை நடுவிலேயே இருந்தது. பாவமன்னிப்பு வாங்கிய நாளிலிருந்து நான் எதிலும் உப்பைக் குறைப்பதில்லை, பயம்.

ஒரு வாய் குடித்தார். கொஞ்சம் தயங்கினார்.

"அம்மா, தப்பா நினைக்காதீங்க. உப்பு கொஞ்சம் ஜாஸ்தியோ?"

பதில் நாக்கு நுனியில் வந்து நின்றது. நல்ல பதில். அவரும் சிரித்திருப்பார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மனசுக்குள் ஒரு அருள்நிறைந்த மரியே சொன்னேன். முடியும் வரை அவர் பயந்துபோய் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்குக் குறைச்சுடறேன் சாமி" என்றேன்.

பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு நாளாவது, "நாளைக்குப் போட்டுடறேன் சாமி" என்று அந்த மனுஷனிடம் சொல்லியிருக்கலாம். போட்டிருக்க வேண்டாம். சொல்லியிருக்கலாம்.

புதுச் சாமியார் தலையைக் குனிந்து சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கவில்லை. நானே இன்னொரு கரண்டி ஊற்றினேன்.